நள்ளிரவு ஃபிளைட்... பகல் முழுக்கத் திருவான்மியூர்! - ஊர் திரும்பும் கடைசி நாளை எப்படிச் செலவிடலாம்?

மூன்று வார விடுமுறை என்று சொல்லித்தான் வருவார்கள். முதல் வாரம் ஜெட்லாக், சொந்தக்காரர்கள் வீடு. இரண்டாவது வாரம் குலதெய்வம் கோயில், ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து. மூன்றாவது வாரம் பல் டாக்டர், பேங்க், டெய்லர். கண்ணை மூடித் திறப்பதற்குள் கடைசி நாள் வந்துவிடும். அன்றைக்கும் காலையிலேயே தி.நகருக்குக் கிளம்பினால், மாலையில் பைகளோடும் தலைவலியோடும் திரும்பி, அவசரமாகப் பெட்டி கட்டி, அப்படியே டாக்ஸி ஏற வேண்டியதுதான்.

"இந்தத் தடவையாவது ஒருநாள் நிம்மதியா உட்கார்ந்து பேசலாம்னு நெனச்சேன்" என்று வாசலில் நிற்கும் அம்மா சொல்லாமல் விழுங்கிவிடுவார்.

வெளிநாட்டில் பிள்ளைகள், இங்கே அப்பா - அம்மா என்று வாழும் குடும்பங்கள் திருவான்மியூர், அடையாறு, பெசன்ட் நகர் பக்கம் நிறைய. அந்தக் குடும்பங்களுக்குக் கடைசி நாள் என்பது வெறும் ஷாப்பிங் நாள் கிடையாது. அடுத்த சந்திப்பு வரைக்கும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய நாள். நல்ல செய்தி என்னவென்றால், அந்த நாளை அழகாகக் கழிக்கப் பெரிய பயணம் எதுவும் தேவையில்லை. கடல், 1,300 ஆண்டுகளுக்கு முன்பே பாடப்பட்ட கோயில், உலகறிந்த நடனப் பள்ளி, பறக்கும் ரயில் என எல்லாமே திருவான்மியூரைச் சுற்றியே இருக்கின்றன.

முதலில் தேதியைப் பாருங்கள்!

சென்னையிலிருந்து வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியாவுக்கும் போகும் விமானங்களில் பல, நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே கிளம்புபவை. இதில் படித்தவர்களே தடுமாறும் விஷயம் ஒன்று உண்டு. டிக்கெட்டில் '15-ம் தேதி, 1.40' என்று இருந்தால், 14-ம் தேதி இரவு பத்தரை மணிக்கே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். '15-ம் தேதிதானே' என்று 15-ம் தேதி இரவு போய் நின்றால், விமானம் போய் ஒருநாள் ஆகியிருக்கும். காலண்டரில் கிளம்பும் இரவை வட்டம் போட்டு வைத்துவிடுங்கள்.

நள்ளிரவு விமானத்தில் ஒரு லாபமும் இருக்கிறது. கிளம்பும் நாளின் பகல் முழுசாகக் கைக்குக் கிடைக்கிறது. காலை ஐந்தரை முதல் இரவு எட்டரை வரை என்று வைத்துக்கொண்டாலும் 15 மணி நேரம்!

'அப்படியே மாமல்லபுரம் ஓர் எட்டுப் போய் வரலாமே' என்று தோன்றும். வேண்டாம். திருவான்மியூரிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஈ.சி.ஆர். நெரிசலில் திரும்பி வருவது நம் கையில் இல்லை. கடைசி நாளில், திரும்பி வர ஆட்டோ போதும் என்கிற தூரத்துக்குள் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

காலை 5.30: கடற்கரை

கிழக்குக் கடற்கரைக்காரர்களுக்கு இருக்கும் பெரிய வரம், கடலிலிருந்து எழும் சூரியன். வால்மீகி நகர்ப் பக்கம் நடந்து போனால் மெரினாவின் கூட்டமோ கடைகளோ இருக்காது. நடைப்பயிற்சிக்காரர்களும், குப்பத்துப் படகுகளும், மணலில் ஓடும் நண்டுகளும்தான்.

வெளிநாட்டில் வளரும் குழந்தைகளுக்கு இங்கே சொல்ல ஒரு கதை இருக்கிறது. உலகம் முழுக்க இரட்டை உடல் படகுகளுக்கு 'கேட்டமரான்' என்று பெயர். அது நம் 'கட்டுமரம்' போட்ட பிச்சை. கட்டைகளைச் சேர்த்துக் கட்டியதால் கட்டுமரம். இன்று கரையில் இருப்பவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள்தாம். ஆனாலும் அந்தச் சொல் இந்தக் கரையிலிருந்துதான் கடல் தாண்டிப் போனது என்று தெரியும்போது, பிள்ளைகளின் கண்கள் விரிவதைப் பார்க்கலாம்.

ஜனவரி முதல் ஏப்ரல் வரை இந்த மணலுக்கு வேறு விருந்தாளிகளும் வருவார்கள். ஆலிவ் ரிட்லி ஆமைகள்! பல கடல்களைச் சுற்றினாலும், தான் பிறந்த கரைப் பகுதியைத் தேடி வந்தே பெண் ஆமை முட்டையிடும். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே, 1988-ல் தொடங்கப்பட்ட மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பினர் இரவு முழுக்க நடந்து, முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாப்பாகப் பொரிக்க வைக்கிறார்கள். வேலை எளிதல்ல. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத் திணறுவது இதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது.

ஓர் எச்சரிக்கை. காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இந்தக் கடலின் இழுப்பு கரையிலிருந்து பார்த்தால் தெரியாது. வடக்கே பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் கார்ல் ஷ்மிட் நினைவுச் சின்னம் பல சினிமாக்களில் வந்ததுதான். 1930-ல் இந்தக் கடலில் மூழ்கி இறந்த டச்சுக்காரரா, டேனிஷ்காரரா என்று பலரும் குழப்பிக்கொள்ளும் அவர், டென்மார்க்கைச் சேர்ந்த மாலுமி. மூழ்கிக்கொண்டிருந்த ஒருவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்டார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் கதை.

காலை 7.00: மருந்து தரும் ஈசன்

திருவான்மியூர் என்ற பெயரே ராமாயணம் தந்த வால்மீகியிடமிருந்து வந்தது என்பார்கள். அவர் இங்கே சிவனை வழிபட்டதாகத் தலபுராணம் சொல்கிறது. ஈ.சி.ஆர். சாலையின் நடுவில் வால்மீகிக்கு இருக்கும் சிறிய கோயிலை, பஸ்ஸில் போகிறவர்கள் பலர் கவனித்திருக்க மாட்டார்கள்.

மருந்தீஸ்வரர் கோயில் பாடல் பெற்ற தலம். ஞானசம்பந்தர் இரண்டு பதிகங்களும் அப்பர் ஒரு பதிகமும் பாடியிருக்கிறார்கள். இருவரும் ஏழாம் நூற்றாண்டுக்காரர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் இடம் வாங்கியது 1639-ல். கோட்டையும் ஜார்ஜ் டவுனும் வருவதற்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, இந்த ஊருக்குப் பாட்டு இருந்திருக்கிறது!

அகத்தியருக்கு மூலிகைகளின் குணத்தையும் மருந்து முறைகளையும் சிவன் உபதேசித்த இடம் இது என்பது ஐதிகம். அதனால்தான் மருந்தீஸ்வரர். காமதேனு பால் சொரிந்து வழிபட்டதால் பால்வண்ணநாதர் என்றும் பெயர் உண்டு. அம்பாள் திரிபுரசுந்தரி. தலமரம் வன்னி.

மூலவர் மேற்குப் பார்த்து இருப்பதற்கும் ஒரு கதை உண்டு. வேளச்சேரியில் தங்கியிருந்த அப்பய்ய தீட்சிதர் தினமும் இங்கே தரிசனத்துக்கு வருவாராம். ஒருநாள் பெரிய மழை. வெள்ளம் சூழ்ந்து, சந்நிதிக்கு முன்புறமாக வர முடியவில்லை. பின்னாலிருந்து அவர் உருகி வேண்ட, ஈசன் மேற்காகத் திரும்பிக் காட்சி தந்தாராம். வேளச்சேரிப் பக்கம் வெள்ளம் என்பது நம் காலத்துச் செய்தி மட்டும் இல்லை போலிருக்கிறது!

உடம்பு முடியாதவர்களுக்காக வேண்டிக்கொள்ள வருபவர்கள் இங்கே அதிகம். ஊருக்குக் கிளம்பும் மகனும் மகளும் கொடிமரத்தின் முன் விழுந்து எழுந்திருக்கும்போது பெரும்பாலும் தனக்காக வேண்டுவதில்லை. அப்பாவின் சர்க்கரை, அம்மாவின் மூட்டுவலி, அடுத்த மாதம் வைத்திருக்கும் கண் ஆபரேஷன்... இப்படித்தான் பட்டியல் இருக்கும். அப்பாவும் அம்மாவும் அதே நேரத்தில் 'பிள்ளை பத்திரமாகப் போய்ச் சேரணும்' என்று வேண்டிக்கொண்டிருப்பார்கள்.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே பாம்பன் சுவாமிகள் சமாதி. 'சண்முக கவசம்' பாடியவர். 1923-ல் சென்னைத் தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதிக் கால் எலும்பு முறிய, அரசுப் பொது மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். சீடர்கள் சண்முக கவசம் பாராயணம் செய்ய, கால் குணமானது என்பது அடியார்களின் நம்பிக்கை. 1929-ல் சமாதியான அவரைத் திருவான்மியூரில் அடக்கம் செய்தார்கள்.

கோயில் நடை பொதுவாகப் பகல் 12 மணியளவில் சாத்தப்பட்டு, மாலை நான்கு மணி வாக்கில்தான் திறக்கும். அதனால் காலையிலேயே முடித்துவிடுவது நல்லது. திரும்பும் வழியில் பொங்கல், வடை, ஃபில்டர் காபி என்று டிஃபனையும் வெளியிலேயே முடித்துவிட்டால், அன்றைக்கு அம்மாவுக்கு அடுப்படி வேலை மிச்சம்.

காலை 9.30: ஆலமரத்தடியில் ஒரு வகுப்பு

அடுத்தது கலாக்ஷேத்ரா. 1936-ல் ருக்மிணி தேவி அருண்டேல் அடையாறு தியசாபிகல் சொசைட்டி வளாகத்தில் தொடங்கிய கலைப்பள்ளி. 1960-களில்தான் திருவான்மியூருக்கு இடம்பெயர்ந்தது. அப்போது இந்தப் பகுதி பெரும்பாலும் வெறும் மணல்வெளி. இன்று சுமார் 100 ஏக்கரில் காடுபோல நிழல் தரும் மரங்கள் நட்டு வளர்க்கப்பட்டவை. 1993-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக்கப்பட்டது.

உயர்குடிப் பெண்கள் மேடையேறி ஆடுவதே தவறு என்று பேசப்பட்ட காலத்தில், 1935-ல் ருக்மிணி தேவி பரதம் ஆடினார். அதற்கு முன் எத்தனையோ தலைமுறைகளாக அந்தக் கலையைக் காத்து வந்தவர்கள் இசைவேளாளர் குலத்து நட்டுவனார்களும் பெண்களும். ஆட்டம் புதிய மேடைக்கு வந்தபோது அந்தப் பெண்கள் ஓரங்கட்டப்பட்டார்கள் என்ற விமர்சனமும் இன்றுவரை தொடர்கிறது. வளாகத்தைச் சுற்றிவரும்போது வளர்ந்த பிள்ளைகளிடம் இரண்டு பக்கத்தையும் சொல்லலாம்.

வால்மீகியின் ஊருக்கும் இந்தப் பள்ளிக்கும் ஓர் அழகான தொடர்பு இருக்கிறது. ருக்மிணி தேவி வால்மீகி ராமாயணத்தை ஆறு நாட்டிய நாடகங்களாக அமைத்தார். 1955-ல் 'சீதா சுயம்வர'த்தில் தொடங்கி, 1970-ல் 'மகா பட்டாபிஷேக'த்தில் முடித்தார். 15 ஆண்டு உழைப்பு! முதல் நாடகங்களுக்கு இசையமைத்தவர் மைசூர் வாசுதேவாச்சார்.

மாணவர்கள் காலையில் ஆலமரத்தடியில் கூடிப் பிரார்த்தனை செய்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார்கள். குடில் போன்ற வகுப்புகளிலிருந்து தட்டுக்கழியின் 'தை யா தை' சத்தம் வரும். வெளிநாட்டில் வார இறுதி வகுப்பில் பரதம் கற்றுக்கொள்ளும் குழந்தைகள் பலர் உண்டு. தான் ஆடும் அதே அடவை நாள் முழுக்க ஆடும் அக்காக்களைப் பார்ப்பது அவர்களுக்குத் தனி அனுபவம். வார நாள்களில் காலை நேரத்தில் பார்வையாளர்களை அனுமதிப்பது வழக்கம். விடுமுறைக் காலத்தில் அனுமதி இருக்காது. அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போங்கள். வகுப்பு நடக்கும் இடத்தில் போட்டோ எடுப்பதற்கு முன் கேட்டுவிடுவது மரியாதை.

தறி நெசவுக்கும் இங்கே தனிப் பிரிவு உண்டு. அகலக் கரையோடு வரும் 'கலாக்ஷேத்ரா புடவை' என்ற பெயர் இங்கிருந்துதான் வந்தது. தி.நகர் போகவில்லையே என்று வருத்தப்படுபவர்களுக்கு இது ஓர் ஆறுதல்!

பகல் 12.00: பெட்டியும் பேச்சும்

வெயில் ஏறியதும் வீடு திரும்பிவிடுங்கள். இனி பெட்டி நேரம்.

பல விமான நிறுவனங்களில் ஒரு பெட்டிக்கு 23 கிலோ கணக்கு. வீட்டிலேயே எடை பார்த்துவிட்டால், விமான நிலையத் தரையில் சூட்கேஸைத் திறந்து அப்பளக் கட்டை வெளியே எடுக்கும் சங்கடம் வராது. ஊறுகாய், நெய், மிளகாய்ப் பொடிக்குழம்பு எல்லாம் செக்-இன் பெட்டிக்குள். கையில் எடுத்துச் செல்லும் பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் கூடாது. பவர் பேங்க் நேர் எதிர். அது கைப்பையில்தான் இருக்க வேண்டும். கொப்பரைத் தேங்காயை எடுத்துப் போகாதீர்கள். எண்ணெய்ச் சத்து அதிகம் இருப்பதால் தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் அது சேர்க்கப்பட்டிருக்கிறது.

அம்மா ஈரத்துணியில் சுற்றித் தரும் கறிவேப்பிலைக்கும் சிக்கல் உண்டு. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையில் தங்கும் என்பதால், அமெரிக்காவில் அதற்குத் தடை. ஆஸ்திரேலியா போகிறவர்கள் சாம்பார்ப் பொடி உட்பட எல்லா உணவுப் பொருள்களையும் படிவத்தில் தெரிவித்துவிட வேண்டும். மறைத்தால் அபராதம். 'அம்மா ஆசையாகக் கொடுத்தாங்க' என்ற பதில் அங்கே எடுபடாது. அந்தக் கறிவேப்பிலையை மதியச் சாப்பாட்டுக்கே தாளித்துவிடச் சொல்லுங்கள்!

பெட்டி மூடியபின் கிடைக்கும் ஒருமணி நேரம்தான் இந்த நாளின் மிக முக்கியமான நேரம். யாருமே திட்டத்தில் எழுதி வைக்காத நேரமும் அதுதான்.

அப்பா - அம்மா சாப்பிடும் மாத்திரைகளை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜ் மேல் ஒட்டுங்கள். பக்கத்து வீட்டுக்காரர், குடும்ப டாக்டர், ஆம்புலன்ஸ் 108 என நம்பர்களையும் சேர்த்து எழுதுங்கள். மூத்த குடிமக்களுக்கான தேசிய உதவி எண் 14567 பலருக்குத் தெரியாது. அதையும் எழுதுங்கள். 'ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது' என்ற கேள்வியைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்குப் போனில் கேட்பதைவிட, முகம் பார்த்து இப்போதே கேட்பது நல்லது. பெற்றவர்களும் 'அதெல்லாம் நாங்க பார்த்துக்கறோம், நீ கவலைப்படாதே' என்று தள்ளிவிடாமல், உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பிள்ளை அங்கே நிம்மதியாகத் தூங்குவதற்கு அவர்கள் தரும் மருந்து அது.

பேரப்பிள்ளைகளைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிடுங்கள். பழைய ஆல்பத்தைப் பிரித்தால் போதும். மீதியைப் பாட்டி பார்த்துக்கொள்வார்.

மாலை 4.00: பறக்கும் ரயிலில் மயிலாப்பூர்

திருவான்மியூர் பறக்கும் ரயில் நிலையம் 2004-ல் திறக்கப்பட்டது. இந்திரா நகர், கஸ்தூரிபாய் நகர், கோட்டூர்புரம், பசுமைவழிச் சாலை, மந்தைவெளி, ஆறாவதாகத் திருமயிலை. கோட்டூர்புரம் தாண்டியதும் அடையாற்றைக் கடக்கும்போது குழந்தைகளுக்கு ஜன்னல் சீட் கொடுங்கள்.

வழி நெடுகக் கூடவே வரும் கறுப்புத் தண்ணீரைப் பார்த்து மூக்கைப் பிடிக்கத் தோன்றும். அது பக்கிங்காம் கால்வாய். சரக்கும் மக்களும் படகில் போன நீர்வழி. 1934-ல் பாரதிதாசன் நண்பர்களோடு இதில் படகேறித்தான் மயிலாப்பூர்ப் பக்கமிருந்து மாமல்லபுரம் போனார். 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதை அந்தப் பயணத்தில் பிறந்ததுதான். இன்று அதன் மேலேயே தூண்களை இறக்கி ரயில் ஓடுகிறது. நகரம் வளர்ந்ததற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதற்கு இந்தக் கால்வாயைவிட வேறு சாட்சி தேவையில்லை.

கபாலீஸ்வரர் கோயிலும் காலையில் பார்த்த கோயிலும் ஒரே கதையின் இரண்டு அத்தியாயங்கள் மாதிரி. திருவான்மியூரில் பாடிய அதே ஞானசம்பந்தர்தான், மயிலையின் திருவிழாக்களைச் சொல்லிச் சொல்லி, இறந்துபோன பூம்பாவையை எழுப்பியதாகப் பெரியபுராணம் கூறுகிறது. பழைய கோயில் கடலோரத்தில் இருந்தது; போர்ச்சுக்கீசியர் காலத்தில் அது அழிந்தபின் இப்போதைய இடத்தில் கட்டப்பட்டது என்பது வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. இடம் மாறினாலும் பங்குனிப் பெருவிழாவும் அறுபத்து மூவரும் நின்றுபோகவில்லை. ஊர்விட்டு ஊர் போய் வாழும் குடும்பங்களுக்கு இது தெம்பு தரும் செய்தி.

குளத்தைச் சுற்றி ஒரு நடை. மாட வீதியில் அரைத்த காபித்தூள், வற்றல், வடாம். ஆறரை, ஏழு மணிக்குள் திரும்பும் ரயிலைப் பிடித்துவிடுங்கள்.

இரவு 8.30: வாசலில் ஒரு நிமிடம்

திருவான்மியூரிலிருந்து விமான நிலையம் சுமார் 15 கிலோமீட்டர். வேளச்சேரி வழியாகப் போகலாம். மாலை நெரிசலிலும் மழையிலும் இதே தூரம் ஒன்றரை மணி நேரம் ஆகக்கூடும். எட்டரைக்குக் கிளம்பினால் பதற்றம் இல்லை.

2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பன்னாட்டு முனையக் கட்டடம் கோலமும் கோபுரமும் நினைவுக்கு வரும்படி அலங்கரிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் டிக்கெட் இல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது. வழியனுப்ப வந்தவர்கள் வாசலோடு நிற்க வேண்டும். பின்னால் ஹாரன் அடிக்கும் கார்கள், டிராலி தேடும் அவசரம், விசில் ஊதும் போலீஸ் என இந்த நடுவில் ஒழுங்காக ஒரு வார்த்தை பேச முடியாது. வயதானவர்களுக்கு நள்ளிரவு அலைச்சல் வேறு. அதனால் நன்றாகப் பேசி, அணைத்து, அழவேண்டியதையும் அழுது முடித்து, வீட்டு வாசலிலேயே விடைபெறுவது நல்லது. சாமி படத்தின் முன் ஒரு நிமிடம், நெற்றியில் திருநீறு, அவ்வளவுதான்.

ரோம் நகரத்துக்கு மறுபடி வரவேண்டும் என்பவர்கள் அங்குள்ள ட்ரெவி நீரூற்றில் காசு போட்டுவிட்டுக் கிளம்புவார்களாம். நமக்கு அந்தச் செலவு தேவையில்லை. 'போறேன்' என்று சொன்னால் எந்தத் தமிழ் அம்மாவும் விடமாட்டார். 'போயிட்டு வர்றேன்'னு சொல்லு என்று திருத்துவார். ஆறு மணி நேரமோ இருபது மணி நேரமோ தள்ளி வாழும் பிள்ளை, அந்த இரண்டாவது சொல்லை நிஜமாக்க அடுத்த லீவுக்கான டிக்கெட்டை எப்போது போடப்போகிறது என்பதுதான், கார் தெருமுனை திரும்பிய பிறகும் அந்த வீட்டில் மிஞ்சியிருக்கும் கேள்வி.